கிரயமா, தானமா?

கெல்லிவில்லில் சனிக்கிழமை காலையென்றால் ஏதாவதொரு தெருவில் வீடு ஏலம் போகும். சிட்னியின் வடமேற்கில் உள்ள புறநகர் அது. தலைக்கு மேலே பாலத்தில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் 2019 மே மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது நானும் ஒரு ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஏலம் கேட்க வருபவர் முதலில் அடையாள அட்டையைக் காட்டி, பெயரைப் பதிந்து, எண் போட்ட அட்டை ஒன்றை வாங்கிக்கொள்கிறார். எண் இல்லாதவர் வாய் திறக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, விற்பவர் சார்பில் ஒரே ஒருமுறைதான் விலை கேட்கலாம். அதையும் ‘இது விற்பவர் கேட்கும் விலை’ என்று ஏலக்காரர் எல்லார் காதிலும் விழச் சொல்லியாக வேண்டும். மச்சானைக் கூட்டத்துக்குள் நிறுத்தி விலையை ஏற்றிவிடும் பழைய வித்தை இங்கே குற்றம். மூன்றாவது தடவை சொல்லிச் சுத்தியல் விழுந்ததும், வாசல் பலகையில் ‘விற்றாயிற்று’ என்ற ஸ்டிக்கரைக் குறுக்காக ஒட்டினார்கள். காபிக் கோப்பையோடு நின்ற அக்கம்பக்கத்தார் கலைந்தார்கள்.

“மாமா, நான் மூணு மாசமா கோட் எழுதுறது இதுக்குத்தான். அந்த ஸ்டிக்கரை ஒட்டுற வேலைக்கு மட்டும்” என்றாள் அக்கா மகள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவள். தோழிகளோடு சேர்ந்து புள்ளிக் கோலங்களை 256 படங்களாக்கி, அவற்றை எத்தீரியம் பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேட்டுச் சங்கிலியில், என்எஃப்டிகளாக (ஒவ்வொன்றும் தனி எண் கொண்ட டோக்கன்) வெளியிட்டிருந்தாள். ஒரு கோலம் விற்றால், அதன் படம், எண், விலை மூன்றையும் ட்விட்டரிலும் டிஸ்கார்டிலும் தானாகப் பதிவு போட ஒரு பாட் (தானியங்கி நிரல்) வேண்டும். அவ்வளவுதான் கேட்பது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கியவளுக்கு ஏன் மூன்று மாதம் ஆனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நம்மூரில் நிலம் வாங்குமுன் ‘வில்லங்கம் போட்டுப் பார்’ என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகம் தரும் வில்லங்கச் சான்றில், எந்தத் தேதியில் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதோடு, அது என்ன வகைப் பத்திரம் என்பதும் இருக்கும்: கிரயமா, தானமா, செட்டில்மென்டா, அடமானமா. அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தாலே, காசு கைமாறியதா, அப்பா பிள்ளைக்குக் கொடுத்ததா என்பது தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஏற்பாடு வேறு. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த சட்டத்தின் வழியில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம் என்று முப்பது வருஷம் பின்னால் போய்த் துருவ வேண்டியதில்லை.

என்எஃப்டி டாரன்ஸ் கட்சி. பதிவேடே பட்டா. ஆனால் ஒரு குறை, பெரிய குறை. 2018 ஜனவரியில் எழுதி வைக்கப்பட்ட ஈஆர்சி-721 என்ற பொது விதிமுறை, ஒரு டோக்கன் கைமாறும்போது மூன்றே விவரங்களைக் குறித்தால் போதும் என்கிறது: யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாம் எண். விலைக்குக் கட்டம் கிடையாது. கிரயமா தானமா என்பதற்கும் கிடையாது. பதிவேட்டுக்குக் கைமாற்றம் தெரியும். விற்பனை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. பாட் எழுதுகிறவருக்கு அத்தனை தலைவலியும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சரி, கைமாற்றத்தையாவது எப்படிப் பிடிப்பது? எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் சேர்கிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகள். அவற்றில் பல ‘இது நடந்தது’ என்று லாக் குறிப்புகளை விட்டுச் செல்கின்றன. இவ்வளவையும் பிரித்துப் படித்துக் கோலத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பிலும் ஒரு சின்னத் தந்திரம் வைத்திருக்கிறார்கள். பர்ட்டன் புளூம் என்பவர் 1970-இல் யோசித்த வடிகட்டி அது.

2,048 பல்புகள் பதித்த ஒரு பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்யாண மண்டப வாசலில் வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு கணக்குக்குள் போட்டால் மூன்று எண்கள் வரும். அந்த மூன்று பல்புகளைப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். இப்போது மதுரைப் பெரியப்பா வந்துவிட்டாரா என்று தெரிய வேண்டும். அவருக்குரிய மூன்று பல்புகளில் ஒன்று அணைந்திருந்தாலும் போதும், அவர் வரவில்லை, சத்தியம் செய்யலாம். மூன்றும் எரிந்தால்? வந்திருக்கலாம். அல்லது வேறு மூன்று பேர் சேர்ந்து தற்செயலாக அந்த மூன்றையும் போட்டிருக்கலாம். உள்ளே போய்ப் பந்தியில் தேட வேண்டியதுதான். ‘இல்லை’ என்ற பதில் மட்டும் உறுதி. ‘உண்டு’ என்பதைச் சரிபார்க்க வேண்டும். மண்டபத்துக்கு மண்டபம் ஓடிப் பந்தி பார்ப்பதைவிட வாசலில் நின்று பலகையைப் பார்ப்பது எவ்வளவோ மேல். (இன்றைய எத்தீரியத்தில் கூட்டம் பெருகி, பலகையில் பெரும்பாலான பல்புகள் எரிந்தபடியே இருக்கின்றன. அதனால் பல கணினிகள் தனி அட்டவணை போட்டு வைத்துக்கொள்கின்றன. யோசனையின் அழகு அதனால் குறையவில்லை.)

வடிகட்டியைத் தாண்டியதும் அடுத்த குழி. கைமாற்றக் குறிப்பின் முதல் வரியில் 64 இலக்க அடையாளம் ஒன்று இருக்கும். ‘இது கைமாற்றம்’ என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், சில்லறைக் காசுபோல் எண்ணிக்கொடுக்கும் சாதாரண டோக்கன்களின் கைமாற்றத்துக்கும் அச்சு அசலாக அதே அடையாளம்தான். இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு நுணுக்கம். என்எஃப்டியில் டோக்கன் எண்ணும் தேடக்கூடிய வரியில் வருவதால் அப்படிப்பட்ட வரிகள் நான்கு. சில்லறை டோக்கனில் தொகை வேறு இடத்துக்குப் போய்விடுவதால் வரிகள் மூன்று. வரிகளை எண்ணிப் பார்க்காத பாட், ‘ஐம்பது ரூபாய் அனுப்பினேன்’ என்பதை ‘ஐம்பதாம் எண் கோலம் விற்றது’ என்று படித்துவிடும்.

இனி விலை. அக்கா மகளின் முதல் பாட், கைமாற்றம் ஒவ்வொன்றையும் விற்பனை என்றே ஒலிபரப்பியது. முதன்முதலாக அச்சிடும்போது டோக்கன் பூஜ்ய முகவரியிலிருந்து வரும். அதையும் விற்பனை என்றது. ஒருத்தி தன் கோலத்தைப் போனிலிருந்த வாலட்டிலிருந்து (டோக்கன்களை வைத்திருக்கும் கணக்கு) இன்னொரு வாலட்டுக்கு மாற்றிக்கொண்டாள், அதுவும் விற்பனை. தோழிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததற்கு ‘விலை: 0’ என்று பட்டாசுப் படத்தோடு பதிவு போட்டது. “பரிசுக்கு விலைச்சீட்டு ஒட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு மாமா.”

ஆகவே பணம் போன தடத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பரிவர்த்தனையோடு எத்தீரியத்தின் நாணயமான ஈதர் போயிருந்தால் அது விலை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவர் முன்கூட்டியே விலை சொல்லி வைத்து, உரிமையாளர் பிறகு ஒப்புக்கொண்டால், பணம் டபிள்யூஈத் என்ற இன்னொரு வடிவில் வேறு வழியாக வரும். பரிவர்த்தனையின் நெற்றியில் பூஜ்யம்தான் எழுதியிருக்கும். ஒரே மூச்சில் பத்துக் கோலங்களை அள்ளிக்கொண்டு போனால் மொத்தத் தொகை ஒன்று, குறிப்புகள் பத்து. பார்க்காமல் எழுதினால் ஒவ்வொன்றும் மொத்தத் தொகைக்கு விற்றதாகப் பத்துப் பதிவுகள் பறக்கும்.

இதில் எண்கணிதத்தின் சொந்தக் குறும்பு வேறு. ஒரு ஈதர் என்பது 10,000 கோடி கோடி வெய். எல்லாக் கணக்கும் உள்ளே வெய்யில்தான் நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண்களோ சுமார் 90 கோடி கோடி வரைதான் பிசகாமல் எண்ணும். நூறில் ஒரு பங்கு ஈதரே 100 கோடி கோடி வெய் ஆகிவிடுகிறது! அதற்குமேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிரும். பெரிய எண்களுக்கென்றே உள்ள தனி வகையைப் பயன்படுத்த வேண்டும். டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி நாணயத்துக்குத் தசம இடங்கள் ஆறு; ஈதருக்குப் பதினெட்டு. மறந்துபோய் எல்லாவற்றுக்கும் பதினெட்டு இடம் தள்ளிப் புள்ளி வைத்தால், ஐம்பது டாலர் கோலம் ஓசிக்குப் போனதாக அறிவிப்பு வரும்.

இவ்வளவையும் சரியாக எழுதி முடித்தவர்களுக்கும் 2022 ஜூனில் ஓர் அடி விழுந்தது. அன்றைய பெரிய சந்தையான ஓப்பன்சீ, வைவர்ன் என்ற பழைய காண்ட்ராக்டை (சங்கிலியில் ஏற்றி வைத்த நிரலை) விட்டு சீபோர்ட் என்ற புதியதற்கு மாறியது. பழைய விலாசத்தின் வாசலில் காதை வைத்துக் காத்திருந்த பாட்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சந்தை வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தது.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கிரிப்டோபங்க்ஸ். 2017 ஜூனில் லார்வா லேப்ஸின் மாட் ஹாலும் ஜான் வாட்கின்சனும் வெளியிட்ட 10,000 சின்ன முகங்கள். ஒவ்வொன்றும் 24-க்கு 24 பிக்சல். ஆரம்பத்தில் இலவசம். ஈஆர்சி-721 பிறப்பதற்கு முன்னமே வந்ததால், அதன் காண்ட்ராக்டிலேயே சந்தையும் இருக்கிறது. விற்பனைக்கென்றே விலையோடு தனி லாக் குறிப்பும் உண்டு. நமக்கு வேண்டியது அதுதானே என்று தோன்றும். அங்கேதான் உலகத்தின் மிக அழகான எழுத்துப்பிழைகளில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ஒருவர் கேட்ட விலைக்கு உரிமையாளர் சம்மதிக்கும்போது அந்தக் காண்ட்ராக்ட் செய்வது இது. கேட்ட தொகையை ஒரு சீட்டில் எடுத்து எழுதிக்கொள்ளும். கேட்ட விலை எழுதியிருந்த பலகையைத் துடைக்கும். சீட்டில் உள்ள தொகையை விற்பவர் கணக்கில் வரவு வைக்கும். கடைசியாக, ‘இன்னார் இன்ன விலைக்கு வாங்கினார்’ என்று உரக்கப் படிக்கும். சீட்டைப் பார்த்துப் படிக்க வேண்டியது, பலகையைப் பார்த்துப் படித்துவிடுகிறது! பலகை ஏற்கெனவே துடைத்த பலகை. ஆகவே ‘யாருமில்லை, பூஜ்ய விலைக்கு வாங்கினார்’ என்று குறிப்பு பதிவாகும். பணம் ஒரு பைசா குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கும். அறிவிப்பு மட்டும் தப்பு. எத்தீரியத்தில் ஏற்றிய காண்ட்ராக்டைத் திருத்த முடியாது என்பதால் இந்தப் பிழை இன்றும் அங்கேயே இருக்கிறது, கல்வெட்டில் தவறாகப் பொளித்த எழுத்துபோல. பங்க் விற்பனையைப் படிக்கும் பாட்கள், பூஜ்யத்தைக் கண்டால் பின்னோக்கிப் போய் அந்த முகத்துக்குக் கடைசியாகக் கேட்கப்பட்ட விலையைத் தேடி எடுக்க வேண்டும். வாங்கியவர் யாரென்பதை, பலகையைத் துடைப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட இன்னொரு குறிப்பிலிருந்து பிடிக்க வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதேதான்.

அது குறிப்பில் வந்த தவறு. குறிப்பு சரியாகவே இருந்து, நடந்தது நாடகமாக இருந்தால்?

2021 அக்டோபர் 28. பங்க்ஸ் விற்பனையைச் சொல்லும் ட்விட்டர் கணக்கு, 9998-ஆம் எண் முகம் 124,457 ஈதருக்கு விற்றதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 53 கோடி டாலர். பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றது. நடந்தது இதுதான். முகத்தின் உரிமையாளர் அதைத் தன் இன்னொரு வாலட்டுக்கு நகர்த்தினார். பிறகு ஒரே பரிவர்த்தனைக்குள் அவ்வளவு ஈதரையும் ஃபிளாஷ் லோனாகக் கடன் வாங்கி, அந்த முகத்தைத் தன்னிடமிருந்தே ‘வாங்கி’, விற்றுக் கிடைத்த பணத்தால் கடனை அடைத்துவிட்டார். ஃபிளாஷ் லோனில் பரிவர்த்தனை முடிவதற்குள் கடன் திரும்பாவிட்டால், எல்லாமே நடக்காததாக அழிந்துவிடும். அதனால் கொடுப்பவருக்குப் பயமில்லை, ஈடு கேட்பதில்லை. இடது பையிலிருந்து வலது பைக்கு, அதுவும் அடுத்த வீட்டுக் காசு. பிறகு அந்த முகத்தை 250,000 ஈதர் விலை சொல்லி விற்பனைக்கு வேறு வைத்தார். பதிவேடு பொய் சொல்லவில்லை. பாட் கூடப் பொய் சொல்லவில்லை. இது தனக்குத்தானே விற்றுக்கொண்டது என்று லார்வா லேப்ஸ் விளக்கம் சொல்லி, இத்தகையவற்றை இனி வடிகட்டிவிடுவோம் என்றது.

கெல்லிவில் ஏலக்காரர் எண் அட்டை கொடுப்பது இப்படிப்பட்டதைத் தடுக்கத்தான். சங்கிலியில் எண் அட்டை கிடையாது. ஒரே ஆள் ஆயிரம் வாலட் திறந்து, ஆயிரம் மச்சான்களைக் கூட்டத்தில் நிறுத்தலாம்.

இந்த மச்சான்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வாலட்டுகளைப் புள்ளிகளாக வைத்து, பணம் போன வழியைக் கோடாக இழுத்துப் பார்க்கிறார்கள். கோலம் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கோடு சுற்றி வந்து புறப்பட்ட புள்ளியையே தொட்டால் அது சிக்கல். பிளாக்செயின் ஆய்வு நிறுவனமான செயினாலிசிஸ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே பணம் போட்டு வளர்த்த முகவரிகளுக்கு 25 முறைக்கு மேல் என்எஃப்டி விற்ற 262 பேரைக் கண்டுபிடித்தது. அதில் 110 பேர் லாபம் பார்த்தார்கள்; சேர்த்துச் சுமார் 89 லட்சம் டாலர். மீதி 152 பேருக்கு நஷ்டம்! ஒவ்வொரு போலி விற்பனைக்கும் சங்கிலிக்குக் கட்ட வேண்டிய ‘கேஸ்’ என்ற பரிவர்த்தனைக் கட்டணமே கையைக் கடித்துவிட்டது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடம் இதுதான்.

அக்கா மகளும் ஒரு விதி எழுதினாள். இரண்டு வாலட்டுகளுக்கும் முதல் ஈதர் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் சந்தேகம். முதல் நாளே, கோலம் வாங்கியவர்களில் பாதிப்பேர் திருடர் என்றது பாட். விஷயம் எளிது: அவர்கள் எல்லோரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் ஈதர் வாங்கியவர்கள். “ஒரே பேங்க்ல பணம் எடுத்தவங்க எல்லாம் கூட்டுக் களவாணியா?” என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள். பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் முகவரிகளை விலக்கியபின் விதி சற்றே நிதானத்துக்கு வந்தது.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. அதில் தமிழர் வருகிறார். 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் இணைய ஏலத்தில், பீப்பிள் என்ற கலைஞரின் ‘எவ்ரிடேஸ்’ படைப்பு 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற பெயரில் இயங்கிய விக்னேஷ் சுந்தரேசன். ‘கோவன்’ நம் அரசன்தான். டூபடூர் என்ற பெயரில் அவரோடு நின்றவர் ஆனந்த் வெங்கடேஸ்வரன். அதுவரை நடந்ததிலேயே பேர் பெற்ற என்எஃப்டி விற்பனை அது. ஆனால் விலை கேட்டதும் முடித்ததும் ஏல நிறுவனத்தின் தளத்தில். டோக்கனின் பதிவேட்டில் தெரிந்தது, அது ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு நகர்ந்தது மட்டும். நம் பாட் அன்று காவலுக்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ‘தானம்’ என்று ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போயிருக்கும். நடக்காத 53 கோடியைத் தம்பட்டம் அடித்த ஏற்பாடு, நடந்த ஏறக்குறைய 7 கோடியைக் காணாது.

மெல்பர்னில் எதிர்த்திசையில் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸின்போது 6,776 பந்துகளை என்எஃப்டிகளாக விற்றார்கள். ஒவ்வொன்றும் மைதானத்தின் 19 சென்டிமீட்டர் சதுரத்துக்கு உரியது. ஆட்டத்தை முடிக்கும் வெற்றி அடி எந்தச் சதுரத்தில் விழுகிறதோ, அந்தப் பந்தின் விவரத்தில் அது ஏறும். அங்கேயும் மைதானத்தில் நடந்ததைச் சங்கிலியின் காதில் ஓத ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பந்தின் தடத்தை அளக்கும் கேமராக்கள் செய்தன.

விற்பனை என்று முடிவு செய்தபின் பதிவு போடுவது சுலபமான பாகம். சுலபமானதில்தான் அவளுக்கு மானம் போனது. ஒரு நாள் பாட் நின்று நின்று எழுந்து, ஒவ்வொரு முறையும் விட்ட இடம் எதுவென்று தெரியாமல் அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னது. ஒரே கோலம் நாற்பது தடவை விற்றது. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால், பரிவர்த்தனை எண்ணையும் அதற்குள் குறிப்பின் வரிசை எண்ணையும் சேர்த்து ஒரு நோட்டில் தேடுகிறது. இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். கடைசியாகச் சேர்ந்த பிளாக் அபூர்வமாகக் கழற்றப்பட்டு வேறொன்று வைக்கப்படுவதும் உண்டு. முழு உறுதிக்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். விற்காததை விற்றதென்று சொல்லிவிட்டு அசடு வழிவதைவிட அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று தீர்மானித்துவிட்டாள். 2023-இல் ட்விட்டர், பாட்கள் பதிவு போடும் இலவச வாசலைச் சுருக்கி, மாதம் 1,500 பதிவு என்று கட்டுப்படுத்தியபோது பல பாட்கள் மூட்டை கட்டின. கோலங்களுக்கு அந்த எல்லையே மிக மிகத் தாராளமாக இருந்தது.

சொல்லப்போனால், பிரச்சினை இப்போது வேறு. நான் போயிருந்த வாரம் முழுதும் பாட் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்துவிட்டதா, இல்லை ஒன்றும் விற்கவில்லையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம். அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு, கடைசியாகப் படித்த பிளாக்கின் எண்ணை மட்டும் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அது அனுப்புகிறது.

ஒரு நாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, போனைக் கண்ணருகே பிடித்து எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். “யாருடி இது, தினம் வெறும் நம்பர் அனுப்புறது?”

“நம்ம பாட்தாம்மா. உயிரோட இருக்காம்.”

அக்கா பதிலுக்கு ஒரு வணக்கம் ஸ்டிக்கர் அனுப்பினாள்.